வேலி வலப்பக்கம்தான் நகரும்

மாலை 6.25. தட்சிணாமூர்த்தி சார் வகுப்பறை வாசலில் நின்றுவிட்டார். கையில் அப்போதுதான் பிரதி எடுத்து வந்த வரைபடங்கள்.

"கருவி எங்க?"

மேசையில் மரப்பெட்டி மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நிலநடுக்கமானியைக் காணவில்லை. சாப்பாட்டுப் பெட்டி அளவில், மஞ்சள் நிறக் கருவி. ஒரு பல்கலைக்கழகத்தில் கையெழுத்திட்டு சார் இரவல் வாங்கி வந்தது. ஐந்தரைக்கு அதை மேசையில் வைத்துவிட்டுப் பிரதி எடுக்கப் போயிருக்கிறார்; கதவைப் பூட்டவில்லை.

கனடாவில், டோர்செட் பார்க்கில், எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தின் மேல்மாடியில், செவ்வாய்தோறும் ஆறரைக்குப் புவியியல் வகுப்பு. பன்னிரண்டு பேர் படிக்கிறோம். நான் நிலாணி. பகலில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. வகுப்பில் நடப்பதை நேரத்தோடு கொப்பியில் எழுதி வைப்பது பழக்கம். என் கைக்கடிகாரம் ஒரு நிமிடம் முன்பின் காட்டக்கூடும்.

அன்று எழுதியிருந்தவை: 6.05, கீழே தேநீர் மேசையில் நாங்கள். 6.08, ராகுலன் வந்தான். மிசிசாகாவிலிருந்து நேரே வருவதாகவும் ஒரு மணி நேரம் டிராபிக்கில் கிடந்ததாகவும் அலுத்துக்கொண்டான். 6.18, மேலே போனான். 6.22, திரும்பி வந்தான்.

மரப்பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்கடியில், பூமியின் இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று உரசியபடி பக்கவாட்டில் நகர்கின்றன. நகம் வளரும் வேகம்தான். ஆனால் சில இடங்களில் இறுகிப் பிடித்து, பிறகு ஒரேயடியாக விடுபடும்போது ஊர் குலுங்குகிறது. அதைக் காட்ட சார் செய்தது இந்தப் பெட்டி: அருகருகே இரண்டு பலகைகள், நடுவே பிளவு, அதன் குறுக்கே தீக்குச்சிகளால் ஒரு வேலி. பலகையைத் தள்ளினால் வேலி பிளவில் முறிந்து விலகி நிற்கும். ஒரு திசையில் மட்டும் நகரும்படி அடியில் ஆணி அடித்திருந்தார். போன செவ்வாய் எங்களை மேசையைச் சுற்றி நடக்க வைத்து அந்த வேலியைப் பார்க்கச் சொன்னார். அன்று வராதவன் ராகுலன் மட்டும்.

6.32. மண்டபப் பொறுப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள் மேலே வந்தார். ராகுலன் தொலைபேசியை நீட்டினான்.

"ஆறு இருபதுக்கு நான் வந்து எட்டிப் பாத்தனான், அங்கிள். குரூப்புக்குப் போட ஒரு படம் எடுத்தனான். மெஷின் இருக்குப் பாருங்கோ. மணிக்கூட்டையும் பாருங்கோ."

படத்தில் மரப்பெட்டி, மஞ்சள் கருவி, பின்னால் சுவர் மணிக்கூடு. எண்கள் இல்லாமல் கோடுகள் மட்டும் உள்ள மணிக்கூடு. முட்கள் ஆறு இருபதைக் காட்டின. 6.22க்கு எங்கள் வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறான். அதன்பின் அறைக்குள் போனது ஒரே ஒருவர்: துப்புரவு வேலை செய்யும் அருள்நாயகி அன்ரி.

"எத்தினை மணிக்கு உள்ள போனனீங்கள்?" அங்கிள் அன்ரியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆறு இருபத்திரண்டு, மூண்டு இருக்கும். தரை கூட்டத்தான்."

"மெஷினைக் கண்டனீங்களோ?"

"இல்லை. மரப்பெட்டி மட்டும்தான் கிடந்தது."

"ரெண்டு நிமிசத்துக்கு முந்தி இருந்ததாம். பறந்து போட்டுதோ?"

சிலர் சிரித்தார்கள்.

"பையைக் கொண்டுவாங்கோ."

அங்கிள் பையைத் தலைகீழாகப் பிடித்து மேசையில் கொட்டினார். சோற்றுப் பெட்டி, காலுக்கு மாற்றுச் சப்பாத்து, நீரிழிவுக் குளிசைகள், பஸ் அட்டை, மடித்த துவாய். வேறு எதுவும் இல்லை.

"வெளியில ஆருக்கும் குடுத்திருப்பா," என்றான் ராகுலன்.

"உங்கட கொம்பனிக்கு இப்பவே கோல் பண்ணுறன்," அங்கிள் அன்ரியிடம் சொன்னார். "இனி இஞ்ச வர வேண்டாம்."

"மூண்டு மண்டபம் துடைக்கிறன், தம்பி. மூண்டும் அந்தக் கொம்பனி தந்ததுதான். நீங்கள் ஒரு சொல் சொன்னா மூண்டும் போயிடும். நான் எடுக்கேல்லை."

அங்கிள் ஏற்கெனவே இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ராகுலனின் பையை யாரும் கேட்கவில்லை. என் பையையும் கேட்கவில்லை. துடைப்பம் பிடித்த கையைத் தவிர வேறு கையை அந்த அறையில் ஒருவருக்கும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. 6.41 வரை நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

6.41. குழுவில் வந்த படத்தைப் பெரிதாக்கினேன். மேசையைப் பார்த்தேன். மீண்டும் படத்தைப் பார்த்தேன். நாலு தரம்.

"ராகுலன், படத்தில வேலியின்ர அங்கால் பாதி, பிளவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் விலகி நிக்குது. இஞ்ச வலப்பக்கம் நிக்குது."

"அப்ப பெட்டி மற்றப்பக்கமாத் திரும்பியிருந்தது. உந்த அன்ரி கூட்டேக்க திருப்பி வைச்சிருப்பா. வந்திட்டா பெரிய சிஐடி!"

மறுபடி சிரிப்பு. அவன் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. ஆகவே பெட்டியைப் பிடித்து முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வைத்தேன். அங்கால் பாதி வலப்பக்கமே நின்றது. யன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் வலப்பக்கம்தான்.

சார் நிமிர்ந்தார். "எந்தப் பக்கம் நின்னாலும் எதிர்ப்பக்கம் வலதுக்குத்தான் போயிருக்கும். பெட்டியை எப்படித் திருப்பினாலும் மாறாது. போன வாரம் இதுக்குத்தானேப்பா சுத்திச் சுத்தி நடந்தோம்!"

"ஆரும் பலகையை மற்றப்பக்கம் தள்ளியிருந்தா?" அங்கிள் கேட்டார்.

"ஆணி விடாது," என்றார் சார். "தள்ளிப் பாருங்க."

அங்கிள் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"அப்ப இந்த வேலி இடப்பக்கம் நிக்கிறது கண்ணாடியில மட்டும்தான்," என்றேன். "படத்தை ஆரோ இடம் வலமாத் திருப்பியிருக்கினம்."

என் தொலைபேசியில் படத்தைத் திருப்பினேன். வேலி வலப்பக்கம் வந்தது. கூடவே மணிக்கூட்டின் முட்களும் திரும்பின. ஆறு இருபது இல்லை. ஐந்து நாற்பது.

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"அன்ரி வேலைக்கு வந்தது ஆறு மணிக்கு. கையெழுத்துப் புத்தகத்தை நீட்டினது நீங்கள்தான், அங்கிள். ஐஞ்சு நாப்பதுக்கு இஞ்ச நிண்டு படம் எடுத்தவர்தான் மெஷினையும் எடுத்தவர். அந்த நேரம் டிராபிக்கில நிண்டனெண்டு சொன்னவர் ராகுலன். எண் இல்லாத மணிக்கூடு, எழுத்தில்லாத படம், எல்லாம் யோசிச்சுத்தான் செய்தவர். வேலியை மட்டும் யோசிக்கேல்லை. போன கிழமை வகுப்புக்கு வந்திருந்தா யோசிச்சிருப்பார்."

"அந்தப் படத்தைக் காட்டுங்கோ, தம்பி," என்றார் அங்கிள். "முதல் எடுத்த படத்தை."

"அழிச்சுப்போட்டன். போனில இடமில்லை."

"கார்த் திறப்பு?" அங்கிள் கை நீட்டினார்.

ராகுலன் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

6.55. காரின் பின்பெட்டியில், முகவரி எழுதி ஒட்டிய ஒரு பார்சலுக்குள், மஞ்சள் கருவி இருந்தது.

மேலே வந்ததும் அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "பொலிஸ் வேண்டாம். சங்கத்தின்ர பேர் கெட்டுப்போகும். சின்னப் பெடியன்."

"அன்ரிக்கு எண்டா உடன கோல், இவருக்கு எண்டா பேரோ?" என் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. "முப்பத்தொரு வயசுப் பெடியன், அங்கிள்!"

சார் தொலைபேசியை எடுத்துப் பொலிசை அழைத்தார்.

அங்கிள் அருள்நாயகி அன்ரியின் பக்கம் திரும்பினார். "சரியக்கா, ஒரு மிஸ்அண்டஸ்ராண்டிங். பையை எடுத்துக்கொண்டு போங்கோ."

அன்ரி அசையவில்லை. மேசையில் சப்பாத்தும் சோற்றுப் பெட்டியும் குளிசைகளும் சிதறிக் கிடந்தன.

"கொட்டினது நீங்கள்," என்றார். "அடுக்குங்கோ."

அங்கிள் எங்களைப் பார்த்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. வெறும் பையைத் திறந்து முதலில் சோற்றுப் பெட்டியை வைத்தார். அதன்மேல் சப்பாத்தை வைத்தார்.

"சோத்துக்கு மேல சப்பாத்தோ, தம்பி?"

அவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதலில் இருந்து தொடங்கினார்.