கன்னம் தொட்ட வளையம்

வெஸ்டாவில் பல் துலக்குவதற்கு முன் எல்லோரும் கதவில் கன்னத்தை வைப்பார்கள். கதவைச் சுற்றியுள்ள காற்றடை வளையத்தில் மயிரிழைக் கசிவு இருந்தாலும் கன்னம் சில்லென்று சொல்லிவிடும். எந்திரன்களுக்கு இன்னும் கைவராத வித்தை இது. நான்கு தலைமுறையாக அந்தக் குறுங்கோளில் வளையத்தைத் தவிர வேறெதையும் செய்ததில்லை. சூரிய மண்டலத்துக் கப்பல்களுக்கெல்லாம் வளையம் அங்கிருந்துதான் போனது. சோறு செவ்வாயிலிருந்தும் தண்ணீர் யூரோப்பா நிலவிலிருந்தும் வந்தன. வெஸ்டாக்காரர்களுக்கு ஒரு தோசை சுடத் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்வதிலும் அவர்களுக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தது யூரோப்பாவின் அறிவிப்பு: 'இனி வளையத்தை நாங்களே செய்துகொள்வோம். தற்சார்பே மானம்.' வளையம் வாங்குவதை நிறுத்தியவர்கள் தண்ணீர் அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். வெஸ்டாவின் தலைவி அங்கயற்கண்ணி ஓடிப்போய்த் தொட்டியை அளந்து பார்த்தாள். தொட்டியில் இருந்ததோ நாற்பது நாள் தண்ணீர். குடிப்பதற்கு முந்நூறு பேர் இருந்தார்கள்.

ஆனாலும் ரோஷம் விடவில்லை. "அவங்களால வளையம் செய்ய முடியும்னா, நம்மளால தண்ணி செய்ய முடியாதா?" என்று மன்றத்தில் முழங்கினாள். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பாறையை அரைத்தார்கள், வறுத்தார்கள், ஆவியைப் பிடித்தார்கள். பதினொரு நாளில் ஒரு டம்ளர் வந்தது. ஒரே இரும்பு நாற்றம். அங்கயற்கண்ணி கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "அமிர்தம்" என்றாள்.

முப்பத்தெட்டாம் நாள், யூரோப்பாவின் தண்ணீர்க் கப்பல் ஒன்று யாருக்கும் சொல்லாமல் துறையில் வந்து ஒட்டியது. அதன் மாலுமி செபஸ்தியான், தங்கள் ஊரில் செய்த வளையத்தை அவளிடம் நீட்டினான். கப்பலின் பக்கக் கதவில் பொருத்திக் கன்னத்தை வைத்தவள் சிரித்துவிட்டாள்.

"விசிறி மாதிரி வீசுதேப்பா! இதை நம்பியா இவ்வளவு தூரம் வந்தே?"

"ஐயோ, இல்லக்கா. கப்பல்ல எல்லாம் உங்க பழைய வளையந்தான். ஊர்லதான் மூணு கதவு பிய்ச்சுக்கிச்சு. நல்லவேளை, உசுருக்குச் சேதமில்ல." குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்கு வளையம் வேணும். ஆனா உங்க முத்திரையை மட்டும் அழிச்சுக் குடுங்க. வர்ற வாரம் எங்க தற்சார்புத் திருநாள்."

அங்கயற்கண்ணிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான்கு தலைமுறையின் கன்னம் பட்ட முத்திரை அது! பிறகு தொட்டியின் அளவுகாட்டியைப் பார்த்தாள்.

"அழிச்சுத் தரேன், தம்பி. தண்ணிக் குடுவையில யூரோப்பான்னு எழுதியிருக்கு பாரு, அதை நீ உரிச்சுடு. எங்க திருநாளும் அதே வாரந்தான்."

அந்த வாரம் இரண்டு உலகங்களிலும் கொடி ஏறியது. யூரோப்பாவில் ஒரு கதவும் கசியவில்லை. வெஸ்டாவில் முந்நூறு பேரும் தலைக்குக் குளித்தார்கள். வளையங்களில் 'யூரோப்பாவிலேயே செய்தது' என்றும், குடுவைகளில் 'வெஸ்டாவின் சொந்தத் தண்ணீர்' என்றும் பளபளவென்று சீட்டுகள் ஒட்டியிருந்தன. வணிகம் முன்னைவிட இருமடங்காயிற்று.

இரண்டு சீட்டுகளையும் அச்சடித்துத் தந்தது பூமி. அந்தத் தொழிலில் பூமிக்காரர்களை அடித்துக்கொள்ள இன்றுவரை ஆளில்லை. பல நூற்றாண்டு அனுபவம்.