கைரேகையைத் தின்றது யார்?

இடைவேளை முடிந்து வகுப்புக்குள் நுழைந்த ஜக்சன்தான் முதலில் கத்தினான்.

“ரீச்சர்! எங்கட படத்தை ஆரோ கிழிச்சுப்போட்டாங்கள்!”

எல்லோரும் ஓடிவந்தார்கள். நாளைய கண்காட்சிக்காக அவர்கள் செய்த படம் அது. கைரேகையை வைத்துப் பொலிஸார் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் காட்டியிருந்தார்கள். காலையில் ஒவ்வொருவரும் பெருவிரலை மையில் தோய்த்துத் துண்டுக் காகிதத்தில் பதித்தார்கள். பிறகு கோதுமை மாப் பசையால் அதைப் படத்தில் ஒட்டினார்கள். காய்வதற்காக வாசலருகே வாங்குப் பலகையில் விரித்திருந்த படத்தில் இப்போது பாதிதான் மிச்சம்.

“இது தர்சனின்ர வேலைதான்” என்றான் ஜக்சன். “அவன்ர ரேகை அப்பிப்போச்செண்டு எல்லாரும் சிரிச்சனாங்கள். அந்தக் கோபம்! வகுப்புக் கதவைப் பூட்டுற திறப்பும் அவனிட்டத்தான் இருக்குது. கையைப் பாருங்கோ, பசை!”

தர்சனின் நகங்களில் வெள்ளையாய்ப் பசை காய்ந்திருந்தது.

“நான் கிழிக்கேல்ல” என்றான்.

சீலா ரீச்சர் கையை நீட்டினார். “உண்மை தெரியுமட்டும் திறப்பைத் தாங்கோ, தர்சன்.”

அவன் திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தான். அதைப் பார்த்த வகுப்புத்தோழி நிப்லாவுக்கு மனம் பொறுக்கவில்லை. தன் இரு கைகளையும் உயர்த்திக் காட்டினாள்.

“ரீச்சர், என்ர நகத்திலயும் பசை இருக்குது. ஜக்சன், உன்ர கையைக் காட்டு!”

ஜக்சன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். வகுப்பே சிரித்தது.

“எல்லாரிட்டயும் இருக்கிற பசை, ஒருத்தனுக்கு மட்டும் எப்பிடிச் சாட்சியாகும்?” என்று கேட்ட நிப்லா, தர்சனிடம் மெதுவாகத் திரும்பினாள். “நீ கதவைப் பூட்டினியா?”

“இல்லை. உள்ளுக்க ஒரு குருவி மாட்டுப்பட்டுக் கிடந்தது. அது போகட்டுமெண்டு திறந்துவிட்டிட்டு வந்தனான்.”

நிப்லா குனிந்து படத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“கையால கிழிச்சதெண்டா இது ஏன் ஈரமா இருக்குது? இங்க, பசையில ஒரு மயிரும் ஒட்டியிருக்குது. கட்டையா, மண்ணிறமா!”

அவள் மிச்சப் பசையைப் பழைய பத்திரிகையில் பூசி வாசலில் வைத்தாள். எல்லோரும் மேசைகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

டக்... டக்... டக்...

ஊர்த் தெருக்களில் திரியும் புள்ளிமான் ஒன்று ஆடி அசைந்து வந்தது. பசையை நக்கியது. பிறகு விளையாட்டுச் செய்திப் பக்கத்தை ஆற அமர மென்றது.

“ஐயோ, என்ர ரேகை அதின்ர வயித்துக்குள்ள!” என்று அலறினான் ஜக்சன்.

“இனி அந்த மான் எங்க களவெடுத்தாலும் பொலிஸ் உன்னைத்தான் தேடும்” என்றான் தர்சன்.

சீலா ரீச்சரும் வாய்விட்டுச் சிரித்தார். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று நிப்லா பெருமூச்சு விட்டாள்.

ஜக்சன் தர்சனின் அருகில் வந்தான். “மன்னிச்சுக்கொள்ளடா. உன்னைக் கேட்காமலே பழி சொல்லிப்போட்டன்.” மைப்பெட்டியை அவனிடம் நீட்டினான். “புதுப் படத்துக்கு முதல்ல நீ வை.”

இம்முறை தர்சனின் ரேகை கோடு கோடாக அழகாய்ப் பதிந்தது.

பாடசாலை விட்டதும் சீலா ரீச்சர் திறப்பை மீண்டும் அவன் உள்ளங்கையில் வைத்தார். “பூட்டிட்டு வாங்கோ, தர்சன்.”

பூட்டுவதற்கு முன் அவன் வகுப்புக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். குருவி ஒன்றும் இல்லை.