அலிஸ்காம்பில் வெள்ளையடிப்பு

தென் பிரான்சின் ஆர்ல் நகரத்து ரோமானிய வட்டரங்கின் வளைவுகளில் காலையிலேயே துணி காயத் தொடங்கிவிடும். கடல் விழுங்கிய ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் அதற்குள் குடியிருக்கின்றன. சுற்றுலாப் பயணிகளை நான் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். அடுத்து நிலவறைகள், கோடையில் வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் பகலை அவற்றில் கழிக்கிறது. ஊருக்கு வெளியே மோன்மஜூர் மடத்துக் கோபுரத்தில் வெள்ள எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

பார்வைக்கு மட்டும் நிற்கும் கல்லுக்கு இப்போது இடமில்லை. பயன்காப்புச் சட்டம் வந்த பிறகு, மக்கள் புழங்காத பழஞ்சின்னங்களைப் பிரித்துக் கடற்சுவருக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் இதுவரை ஒன்றுகூடப் போகவில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

இன்னும் பயன் காட்டாமல் மிச்சம் இருந்தது அலிஸ்காம்ப். மரங்களுக்கு நடுவே இருபுறமும் கல் சவப்பெட்டிகள் கிடக்கும் ரோமானிய இடுகாடு. உள்ளே எலும்புகூட இல்லை. அதற்கு என்ன பயனைச் சொல்வது? சட்டப்படி பயனைச் சோதிக்க வந்த மதிப்பீட்டாளர் முசியே ழெரோமை அழைத்துப் போகும்போது இசை நிகழ்ச்சி, நடைப்பயிற்சி என்று சில பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வாசலைத் தாண்டினோம். ஒரு வரிசைப் பெட்டிகள் வெள்ளைவெளேரென்று இருந்தன. என் சித்தப்பா ஞானாதிக்கம் சுண்ணாம்பு வாளியும் பிரஷுமாக நின்றார். பின்னால் புதுச்சேரியிலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்கள் குடும்பங்கள், சாமந்தி மாலைகளோடும் மெழுகுவத்திகளோடும்.

"சித்தப்பா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு இது!"

"நாளைக்குக் கல்லறைத் திருநாளாச்சே, வெள்ளையடிக்காம எப்படிம்மா? நம்ம ஊரு கல்லறையெல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. இதுங்க காலியாத்தானே கெடக்குது? ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். இது உங்க அப்பாவுக்கு."

மூடியின் மேல் கரிக்கட்டையால் அப்பாவின் பெயர் எழுதியிருந்தது. திட்ட வந்தவள் குனிந்து அந்தப் பெயரைப் படித்தேன். அப்பாவுக்குப் பூப்போட எனக்கும் இத்தனை வருடமாக இடமில்லை.

ழெரோமின் காதில் செவிமொழிக் கருவி இருந்தது. சித்தப்பா சொன்னதெல்லாம் அவருக்குப் பிரெஞ்சில் கேட்டிருக்கும். அவர் குனிந்து மூடியைத் தொட்டார். விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது.

"கழுவிவிடலாம், முசியே," என்று உளறினேன். "ஒரே மணி நேரத்தில் சுத்தமாக்கிவிடுவோம்."

"கழுவாதீர்கள். புழங்குகிற இடத்துக்குத்தான் வெள்ளையடிப்பார்கள்."

தன் கைத்திரையில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று பதிந்து என்னிடம் காட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ரோமானியப் பேரரசு விட்டுப்போனதை எங்கள் ஆட்கள் ஒரு வாளிச் சுண்ணாம்பால் காப்பாற்றிவிட்டார்கள்!

வேலை முடிந்தும் ழெரோம் கிளம்பவில்லை.

"என் அம்மாவைச் செந்த்-மரியில் அடக்கம் செய்தோம்," என்றார் மெதுவாக. "அந்த ஊரும் இப்போது கடலுக்கடியில். இங்கே... வேறு காலிப் பெட்டி இருக்கிறதா?"

சித்தப்பா பிரஷை வாளியில் தோய்த்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தக் கோடியில இருக்கிறதை எடுத்துக்குங்க முசியே. ரெண்டு தடவை அடிக்கணும், அப்பத்தான் நிக்கும்."