அனற்காப்பின் சொந்தக்காரி

வெயில் ஐம்பத்தாறு பாகையைத் தொட்ட அன்றும் கடலூர் நீதிமன்றத்துக்குள் யாருக்கும் வியர்க்கவில்லை. கூரையில் அனற்காப்பு பூசியிருந்தது. நகக்கனம்கூட இல்லாத வெள்ளைப் பீங்கான் பூச்சு. விழுகிற வெயிலை அப்படியே வானத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். அது இல்லாத கட்டடத்தில் பகலில் ஆள் இருக்க முடியாது என்றாகி வெகுகாலமாகிறது.

அதைக் கண்டுபிடித்தவள் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருக்கும் குமுதவல்லி. விற்றுக் கொழுத்தது வெண்கவசம் நிறுவனம். இதை நிரூபிக்கப் பாதி ஆயுளைக் கரைத்திருந்தாள் அவள். சமரசம் பேச வந்தவர்களுக்குக் காபி கொடுத்து வழியனுப்பினாள். பிடிவாதக்காரிதான், ஆனால் நியாயம் அவள் பக்கம் இருந்தது.

"இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாமே?" என்றார் நீதிபதி.

"தோணியிருக்கலாம் ஐயா. ஆனா அவங்க பூச்சுல சாணச் சாம்பல் எப்படி வந்துச்சு? எங்க சூளையில முதல் கலவையில திருநீறு போடறது வழக்கம். அது சேர்ந்த கலவைதான் பரிசோதனையில ஜெயிச்சுது. எடுத்தா கெட்டுப்போயிடுமோன்னு பயந்து காப்புரிமை விண்ணப்பத்துல அதையும் எழுதிட்டேன். மத்தபடி அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. எங்க பயத்தையும் சேர்த்துக் காப்பியடிச்சிருக்காங்க."

மன்றமே சிரித்தது. மதியத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. இதுவரை பூசப்பட்ட அனற்காப்பு அனைத்துக்கும் முதல் நாளிலிருந்தே அவளே உரிமையாளர். புதிய சட்டப்படி அதில் வரும் பழுதுக்கெல்லாம் பொறுப்பாளியும் அவளே.

தாழ்வாரத்தில் வெண்கவசத்தின் வழக்கறிஞர் மாதங்கி கைகொடுத்தார். "நாங்க மேல்முறையீடு பண்ணலீங்க."

"ஏன்?"

"அந்தச் சாம்பல்ல இருக்கற உப்பு மழை ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கு. பத்து மழைக்காலம் போனா பூச்சு உதிருது. எங்களுக்குப் போன வருஷமே தெரியும். இனிமே உதிர்றதெல்லாம் உங்களோடது."

கடைசி அமர்வுகளில் அவர்கள் ஏன் குறுக்கு விசாரணையே செய்யவில்லை என்பது குமுதவல்லிக்கு இப்போதுதான் புரிந்தது.

அவளுடைய வழக்கறிஞர் ரவூப் குரலைத் தாழ்த்தினார். "நாமளே மேல்முறையீடு போட்டுடலாம்மா. இது உங்களோடது இல்லன்னு சொல்லிடலாம்."

"வேணாம் பாய். கலவையைத் திருத்தற உரிமையும் இன்னிக்குத்தான் என் கைக்கு வந்திருக்கு. நாளைக்கே சூளையைப் பத்த வைக்கறேன். சாம்பல் இல்லாம."

அவள் படியிறங்குவதற்குள் கைபேசி அடித்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை.

"கூரைப் பூச்சு பாளம் பாளமா விழுதுங்க. வகுப்புல அனல் தாங்கல. இதுக்குப் பொறுப்பு யாருன்னு வெண்கவசத்துல கேட்டா உங்க நம்பரைக் குடுக்கறாங்க."

"நான்தாங்க பொறுப்பு. என்னோடதுதான் அது," என்றாள் குமுதவல்லி. இத்தனை வருடம் சொல்லத் துடித்த வார்த்தை. "இப்பவே கிளம்பி வர்றேன். பிள்ளைங்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாத்துங்க."

"அங்கயும் உங்களோடதுதாங்க பூசியிருக்கு."