ஏஞ்சலா தொடாத திரை

மடிக்கணினியின் திரையில் மறுபடியும் அந்தக் கறைகள். காலையில்தான் ஏஞ்சலா அதைப் பழைய சேலைத் துண்டால் பளிச்சென்று துடைத்து, மூடிவைத்துவிட்டு முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போயிருந்தாள். அவள் கணவன் றொக்சன் அதற்கும் முன்பே தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போய்விட்டான். பூட்டிய வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவளோ அந்தத் திரையில் விரலே வைப்பதில்லை. தொடுதிரைக்கு ஆசைப்பட்டவள் அவள்தான். முன்பள்ளிப் பிள்ளைகள் விரலால் படம் கீறுவார்களே என்ற நினைப்பு. வாங்கிவந்த அன்றைக்கே றொக்சன் அந்த ஆசைக்கு மூடுவிழா நடத்திவிட்டான்.

“கீபோர்ட் இருக்கிற மெஷினுக்கு எதுக்கு டச்? கையத் தூக்கித் தூக்கித் தோள்தான் நோகும். பட்டரி தின்னும், விரல் எண்ணெய் அப்பும். நம்ம பனிமூட்டத்துக்கு ஈரம் பட்டா ஸ்கிரீன் அதுபாட்டுக்கு ஓடும். நீ சும்மா டைப் பண்ணு ஏஞ்சல். ஸ்கிரீனத் தொடாத.”

சொன்னதோடு நிற்காமல், திரை தொடுதலை உணராதபடி நிறுத்தியும் வைத்தான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவனை நம்புவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

மலையகத்து லிந்துலையில் அன்று மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இறங்க, ஜன்னல் இடுக்கு வழியாகப் பனிமூட்டம் உள்ளே ஊர்ந்து வர, ஊறிப்போன சுவரின் வாடையும் தொழிற்சாலையிலிருந்து வரும் வாடிய தேயிலைக் கொழுந்தின் வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைக்க, ஏஞ்சலா மேசையில் குனிந்து பிள்ளைகளுக்கான படத்தாளைத் தயாரித்துக்கொண்டிருந்தாள். அப்போது திரையில் ஒரு வளையம் விரிந்து மறைந்தது. விரல் வைத்தால் தோன்றுமே, அந்த வளையம். அவளுடைய இரண்டு கைகளும் கீபோர்டின் மேல்தான் இருந்தன.

அவள் விளக்கைக் கிட்டே இழுத்துக் கறைகளைப் பார்த்தாள். விரல் பதிந்தால் ரேகை இருக்க வேண்டும். இவற்றில் ரேகை இல்லை. சின்னதாக, உருண்டையாக, ஈரமாக இருந்தன. விரலின் கணு.

கணுவால் திரையைத் தட்டுகிறவள் அவளுடைய தங்கை ஷாமிலா. கொழுந்து பறித்துப் பறித்து அவளுடைய விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. போன் அவற்றைக் கண்டுகொள்ளாது. அதனால் நடுவிரலை மடக்கித் தட்டுவாள். “என்னா, கதவா தட்டுற?” என்று ஏஞ்சலா கேலி செய்வாள்.

ஷாமிலா போன வருடம் ஓமானுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஏஞ்சலாவுக்கு லீவு கிடைக்காததால் றொக்சன்தான் தலவாக்கலையில் அவளோடு ரயில் ஏறி, கொழும்பில் விமானம் ஏற்றிவிட்டு வந்தான். அந்தப் பயணத்தில்தான் இந்த மடிக்கணினியையும் வாங்கிவந்தான். அங்கே மேடம் போனில் பேச விடமாட்டாளாம். வாட்ஸ்அப்பில் செய்தி மட்டும் வரும், நீளம் நீளமாக. தட்டித் தட்டி இவ்வளவு எழுதுகிறாளே என்று ஏஞ்சலாவுக்குப் பெருமை.

மறுபடியும் வளையம். இந்த முறை திரையின் அடியில். மறைத்துவைத்திருந்த ஒரு பக்கம் எழும்பி வந்தது.

வாட்ஸ்அப். மேலே ஏஞ்சலாவின் படம். பக்கத்தில் ‘அக்கா’ என்ற பெயர். அது ஷாமிலாவின் கணக்கு. ஷாமிலாவிடமிருந்து அவளுக்கு வந்த செய்திகள் அத்தனையும் அங்கே அனுப்பிய பக்கத்தில் வரிசையாக இருந்தன. சாப்பிட்டேன் அக்கா. சுகமா இருக்கேன் அக்கா. மச்சான் சொல்றதக் கேட்டு நடங்க அக்கா. கடைசியாக, இன்னும் அனுப்பாத ஒன்று பெட்டியில் காத்திருந்தது. கிறிஸ்மசுக்கு வர ஏலாது அக்கா.

பாவி. இந்த மேசையில் உட்கார்ந்து, இதே கீபோர்டில் றொக்சன் எழுதியிருக்கிறான். பிறகு அவள் பக்கத்தில் படுத்து, “பாரு, தங்கச்சி நல்லாத்தான இருக்கா” என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டிருக்கிறான். அவள் அந்தக் கையை முத்தமிட்டிருக்கிறாள்.

“அப்ப நீ எங்கடி இருக்க?” என்றாள், திரையைப் பார்த்து.

டொக்.

கண்ணாடியில். உள்ளேயிருந்து.

டொக். டொக்.

கதவு திறந்தது. றொக்சன் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் கூட இல்லை.

“அதத் தொடாதன்னு சொன்னேன்ல.”

“நான் தொடலைங்க. ஷாமிலா எங்கங்க?”

அவன் நேராக வந்து மூடியைப் பிடித்து அமுக்கினான். பாதியில் நின்றது. இரண்டு கையாலும் அமுக்கினான். மூடி இறங்கவில்லை.

மூடியின் விளிம்பில் நுனி காய்த்த விரல்கள் இருந்தன. திரைக்குள்ளிருந்து வந்து பற்றியிருந்தன. நகக்கண்ணில் செம்மண். தோல் ஊறி வெளுத்திருந்தது.

“ஏஞ்சல்.” அவன் குரல் உடைந்தது. “இங்க வா. புடி. ரெண்டு பேருமா அமுக்கினா மூடிரும். நான் சொன்னா கேப்பல்ல?”

ஏஞ்சலா நடந்தாள். அவனைத் தாண்டி. வாசலுக்கு. கதவைச் சாத்தி, உள்பக்கமாகத் தாழ் போட்டாள்.

திரும்பினாள்.

இன்னொரு கையும் வெளியே வந்திருந்தது. அது மூடியைப் பிடிக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் றொக்சனின் சுண்டுவிரலை மெல்லத் தேடிப் பிடித்தன. கொழுந்து ஒடிகிற சின்னச் சத்தம். அவன் அலறினான்.

அந்தக் கை அடுத்த விரலுக்கு நகர்ந்தது.