பர்ஜோவின் முகவரி

மகள் கினந்தியின் டேப்லெட் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. ஆனால் அதன் எண் மட்டும் நிங்ருமின் கணினித் திரையில் பச்சையாக எரிந்தது.

அந்த ஆற்றோரச் சந்துக்கே இணையம் நிங்ருமின் வீட்டு ரவுட்டரிலிருந்துதான். யார் வீட்டில் எந்த நாடகம் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் சந்துக்கே தெரியும். கம்பம் கம்பமாக ஏறிக் கம்பி இழுத்தவன் அவள் புருஷன் பர்ஜோ. ஒவ்வொரு போனுக்கும் தனி எண் ஒதுக்கி, அதை ஒரு கறுப்பு நாடாவில் வெள்ளையாக எழுதி அந்தப் போனிலேயே இறுக்கிக் கட்டிவிடுவான். "ஒரு எண்ணுக்கு ரெண்டு பேர் இருந்தா ரவுட்டர் பாவம், யார்கிட்டப் போறதுன்னு முழிக்கும்" என்பான்.

போன மழையில் பாலத்துக் கம்பத்திலிருந்து விழுந்தான். ஆறு அவனையும் திருப்பித் தரவில்லை, இடுப்பிலிருந்த போனையும் தரவில்லை. நாற்பதாம் நாள் சோறு ஆறுவதற்குள் அவனுடைய எண்ணை மகளின் டேப்லெட்டுக்கு மாற்றினாள் நிங்ரும். வேகக் கட்டுப்பாடு இல்லாத எண், வீணாகப் போவானேன்? நாடா மட்டும் கட்டவில்லை.

அந்தி மழை ஓட்டில் சடசடத்தது. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஓய்ந்தது. அந்த எண்ணைக் கூப்பிட்டு, பதில் வழியிலுள்ள எந்தெந்த இணையப் பெட்டிகளைக் கடந்து வருகிறது என்று பார்த்தாள். பாலம். பள்ளிவாசல். தார்ஸியின் கடை. பிறகு வீடு.

டேப்லெட்டோ உள்ளறையில்.

மறுபடி பார்த்தாள். பாலம் இல்லை. பள்ளிவாசலிலிருந்து தொடங்கியது.

போன் அலறியது. கடைக்காரி தார்ஸி.

"ஏண்டி நிங்ரும், உன் வைஃபைக்கு உயிர் இருக்கா? கதாநாயகி வாயைத் திறந்தபடியே நிக்குறா!"

"மழை, தார்ஸி அக்கா..."

"மழையாம்! உன் ஆளு எவனோ சேத்துக் காலோட கம்பியை இழுத்துக்கிட்டு என் வாசல் வழியாப் போறான். கூப்பிட்டாத் திரும்பக்கூட இல்ல. யாரு துடைக்கிறது, உன் மாமியாரா?"

நிங்ருமிடம் வேலைக்கு ஆளே கிடையாது.

திரையைப் பார்த்தாள். கடையும் இல்லை. நடுவில் எந்தப் பெட்டியும் இல்லை. நேரே இந்த வீட்டு ரவுட்டர்.

ஆற்றுச் சேற்றின் வாடை. அதற்குள்ளே பர்ஜோ பிடிக்கும் கிராம்புச் சிகரெட்டின் வாடை.

எண்ணைத் தேடி வருகிறான். எண் இருப்பது குழந்தையிடம்.

எண்ணை அழித்தாள். மீண்டும் பச்சை. ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன. திரையில் அந்த ஒன்று மட்டும் அணையவில்லை.

"கினந்தி! அந்த டேப்லெட்டைத் தூக்கிப் போடுடி! வெளியே வா!"

"வர முடியலம்மா." உள்ளறையிலிருந்து சிணுங்கல். "அசையாம இருக்கச் சொல்றாரு."

கதவைத் தள்ளினாள்.

டேப்லெட் தரையில் கிடந்தது. கட்டிலில் கினந்தி. அவள் கையைப் பிடித்திருந்த இன்னொரு கை. ஊறி வெளுத்தது. நகமில்லாதது.

அது மகளின் மணிக்கட்டில் ஒரு கறுப்பு நாடாவை நிதானமாக இறுக்கிக்கொண்டிருந்தது. நாடாவில் வெள்ளையாக, ஈரமாக, அவனுடைய எண்.