ஒலிபெருக்கி கூப்பிட்ட பெயர்கள்

கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்த திங்கட்கிழமை மாலை, குண்டூசி தன் சிறகை எடுக்க வகுப்பறைக்கு ஓடினாள்.

அவள் நான்காம் வகுப்பு. நாடகத்தில் மூன்றாவது சம்மனசு, அதாவது தேவதூதர். அட்டைச் சிறகு அடிக்கடி கழன்று விழும் என்பதால் காலரில் எப்போதும் நாலைந்து ஊசிகள் வைத்திருப்பாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவளுடைய முழுப் பெயரை அம்மாகூடக் கோபம் வந்தால்தான் சொல்வார்.

வகுப்பறையில் யாரும் இல்லை. மேசைகள்மேல் கவிழ்த்து வைத்த நாற்காலிகளின் கால்கள் இருட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. அரங்கில் பாடுகிற சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

அவள் சிறகைத் தொட்டபோது, கரும்பலகைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி ‘கர்ர்ர்’ என்றது.

பிறகு யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு ஒரு பெயர். அவள் பக்கத்தில் உட்காரும் பையனின் பெயர். மெதுவாக, இழுத்து இழுத்து, ஒரு கிசுகிசுப்பு.

அடுத்தது அவளுடைய முழுப் பெயர்.

குண்டூசி அசையவில்லை. குரல் மறுபடியும் அவள் பெயரைச் சொன்னது. அந்தப் பெயரில் ஒரு ‘ழ’ உண்டு. அந்த இடம் வரும்போதெல்லாம் குரல் தடுமாறியது, நாக்கே இல்லாத வாய் பேசுவதுபோல. மூன்றாவது முறை ஒரு பெருமூச்சும் சேர்ந்து வந்தது.

அவள் சிறகை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

“கனவு கண்டிருப்பே” என்றாள் முயல். முன்பற்கள் இரண்டும் பெரிதாக இருக்கும் அவள்தான் நாடகத்தில் மாதா.

“நின்னுக்கிட்டே எப்படிடி கனவு காணுவேன்?”

“நாளைக்கு நானும் வரேன். எனக்குப் பயமே கிடையாது” என்றான் ரேடியோ. மாதாவின் கணவர் சூசையப்பராக நடிப்பவன். மேடையில் அவனுக்கு ஒரு வசனம்கூட இல்லை. அந்தக் குறையை மற்ற நேரங்களில் பேசித் தீர்த்துக்கொள்வான்.

செவ்வாய்க்கிழமை மூவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் போனார்கள். ஒலிபெருக்கி உறுமியது. ஒவ்வொரு பெயராக வந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு மெல்லிய ‘சரக்’.

“டிக் போடுது! யார் யாரைத் தூக்கிட்டுப் போகணும்னு டிக் போடுது!” என்றான் ரேடியோ. அவனுடைய ஒரு கால் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே இருந்தது.

அப்போது குரல் முயலின் பெயரைச் சொன்னது. முயல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமை அவள் ஒத்திகைக்கு நிற்கவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விழாவுக்கும் வரமாட்டாளாம். பாதி வகுப்பு அவள் பின்னால் போய்விட்டது. எல்லாம் ரேடியோவின் கைங்கரியம்.

“மாதா இல்லாம என்ன நாடகம் போடுறது?” என்று வகுப்பு டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

குண்டூசிக்கும் பயம்தான். ஆனால் ஒரு விஷயம் அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைப் பையனுக்கு அடுத்து அவள் பெயர். முயலுக்கு முன்னால் எப்போதும் வகுப்பிலேயே உயரமான பெண்ணின் பெயர். இந்த வரிசை தினமும் காலையில் கேட்கும் வரிசையாயிற்றே!

‘பேய்க்கு எதுக்கு அட்டெண்டன்ஸ்?’ என்று யோசித்தாள்.

வருகைப் பதிவேடுகள் மாலையில் தலைமை சிஸ்டரின் அறைக்குப் போய்விடும். அன்று மாலை குண்டூசி தனியாக அங்கே கிளம்பினாள். அறை நீண்ட நடையின் கடைசியில் இருந்தது. நடையில் விளக்கு இல்லை. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்க வேண்டிய சிலைகள், வெள்ளைத் துணி சுற்றியபடி சுவரோரம் வரிசையாக நின்றன. முகம் தெரியாத இடையர்கள், முகம் தெரியாத ராஜாக்கள். அவள் நகர நகர, அவையும் தலையைத் திருப்புவதுபோல் இருந்தது.

பாதி வழியில் அந்தக் குரல் கேட்டது. இப்போது ஒலிபெருக்கியிலிருந்து அல்ல. கதவுக்குப் பின்னாலிருந்து.

அவளுடைய பெயர்!

குண்டூசியின் கால் திரும்பி ஓடத்தான் பார்த்தது. முயலின் அழுத முகம் நினைவுக்கு வந்தது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே புதுத் தலைமை சிஸ்டர் மூக்குக்கண்ணாடியுடன் பதிவேட்டின்மேல் குனிந்திருந்தார். சொன்ன பெயருக்கு நேரே ‘சரக்’கென்று ஒரு டிக் போட்டு நிமிர்ந்தவர், அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் பதிவேட்டை மூடினார்.

“சிஸ்டர்... என்னைக் கூப்பிட்டீங்களா?”

“இல்லையே. நான் சும்மா... பழகிக்கொண்டிருந்தேன்.”

அவர் வேறு மொழி பேசும் ஊரிலிருந்து வந்தவர். வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்துப் பரிசு தர வேண்டும்.

“நான் வந்த முதல் வாரம் ஒரு பையன் பெயரைத் தப்பாகச் சொன்னேன். பள்ளிக்கூடமே சிரித்தது” என்றார் சிஸ்டர். பிறகு சிறு குரலில், “நீயும் சிரித்தாயா?” என்று கேட்டார்.

குண்டூசி தரையைப் பார்த்தாள். “சிரிச்சேன் சிஸ்டர்.”

மேசையில் பிள்ளைகள் செய்த வாழ்த்து அட்டைகள் பெரிய கட்டாகக் கிடந்தன. பதிவேட்டை விரிக்க இடம் வேண்டி சிஸ்டர் ஒதுக்கிய அந்தக் கட்டின் ஓரம், ஒலிபெருக்கி மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் கட்டைத் தூக்கினாள். அடியில் சிவப்பு விளக்கு அணைந்தது.

சிஸ்டரின் முகம் வெளுத்தது. “அப்படியென்றால்... எல்லோரும் கேட்டுவிட்டார்களா?”

“பேய்னு நினைச்சுட்டோம்.”

சிஸ்டர் கண்களை மூடிக்கொண்டார். இதை வெளியே சொன்னால் முயலின் பயம் போய்விடும். ஆனால் மறுபடியும் எல்லோரும் சிஸ்டரைப் பார்த்துச் சிரிப்பார்கள். குண்டூசி காலரில் இருந்த ஊசியை உருட்டிக்கொண்டே யோசித்தாள்.

“சிஸ்டர், நாளைக்கும் சொல்லுங்க. ஆனா பொத்தானை நீங்களே அழுத்துங்க. எங்களைக் கேட்டுக் கேட்டுச் சொல்லுங்க. அவங்கவங்க பேரை அவங்களே சொல்லிக்கொடுத்தா, சிரிக்க மாட்டாங்க.”

வியாழக்கிழமை கடைசி மணிக்கு முன்னால் ஒலிபெருக்கி உறுமியது. முயல் குண்டூசியின் கையை நகம் பதியப் பிடித்தாள்.

“பிள்ளைகளே, நான் உங்கள் தலைமை சிஸ்டர். உங்கள் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் வந்து திருத்துவீர்களா?”

முதல் பெயரே தப்பு. யாரும் சிரிக்கவில்லை. “இல்ல சிஸ்டர், ‘ண’ சிஸ்டர்!” என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினார்கள். அதற்குக் காது கிடையாதே! சொல்லிவர ரேடியோ ஓடினான். திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். ஐந்தாவது நடையில் அவனுக்கே பேச்சு நின்றுபோனது.

“இதுக்கா நான் அழுதேன்?” என்று முயல் மாதாவின் நீல முக்காட்டைத் தேட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை நாடகம் முடிந்ததும் சிஸ்டர் மேடையேறினார். காகிதத்தை விரித்தார், குரல் தடுமாறவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். நான்காம் வகுப்பு வந்தது. குண்டூசியின் முழுப் பெயர், அந்த ‘ழ’வோடு, சுத்தமாக அரங்கு முழுவதும் கேட்டது.

அவள் ஒற்றைச் சிறகோடு மேடைக்குப் போனாள். பரிசை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“சிஸ்டர், உங்க பேரு என்ன?”

இதுவரை யாரும் கேட்டதில்லை. சிஸ்டர் தன் முழுப் பெயரைச் சொன்னார். நீளமான, யாரும் கேள்விப்படாத பெயர். பள்ளிக்கூடமே சேர்ந்து அதைச் சொல்லிப் பார்த்தது. ஆளுக்கொரு விதமாகத் தப்பாக வந்தது.

சிஸ்டர்தான் முதலில் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எங்கே, இன்னொரு தடவை?” என்றார்.